சின்ன உடல், அதே கம்பி: 14½ அங்குல ஆர்ச்டாப்பின் மேற்பலகை

விளிம்புச் சட்டம் அச்சுக்குள் அசையாமல் உட்கார்ந்து, உள்பட்டிகளும் ஒட்டிக் காய்ந்துவிட்டன என்றால் மேற்பலகையைத் தொடங்கலாம். ஆர்ச்டாப் கிட்டாரின் குரல் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அடிப்பலகைக்கும் கழுத்துக்கும் டெயில்பீஸுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், மேற்பலகையில் விட்ட குறையை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

சாதாரண அகூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை ஏறத்தாழ 3 மி.மீ. தடிமனுள்ள தட்டைப் பலகை. கம்பிகள் அதன்மேல் ஒட்டிய பிரிட்ஜிலேயே முடிவதால் பலகையைக் கழுத்துப் பக்கமாக இழுத்து முறுக்குகின்றன. ஆர்ச்டாப்பில் கம்பிகள் பிரிட்ஜைக் கடந்து போய் டெயில்பீஸில் மாட்டப்படுகின்றன. வயலினில் போலவே இங்கும் பிரிட்ஜ் ஒட்டப்படுவதில்லை. கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆகவே பலகைமேல் விழுவது இழுப்பு அல்ல, அமுக்கம். 12 எண் வெண்கலக் கம்பிகளை 25 அங்குல நீளத்தில் சுருதி கூட்டினால் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுக்கும். பிரிட்ஜின்மேல் கம்பி மடங்கும் கோணம் 14 டிகிரி என்றால், கீழ்நோக்கி விழும் பாரம் 17 கிலோ. இதைத் தாங்குவதற்காகத்தான் ஓர் அங்குலக் கட்டையிலிருந்து வளைவைச் செதுக்கி எடுக்கிறோம். கட்டையில் முக்கால் பங்குக்கு மேல் சீவலாகத் தரையில் விழும். அதைப் பார்த்து மனம் பதறக் கூடாது.

இந்த நூலில் நாம் செய்வது அகன்ற பகுதியில் 14½ அங்குலம், அதாவது 368 மி.மீ. உள்ள கிட்டார். கிடைக்கிற வரைபடங்களில் பெரும்பாலானவை 16, 17 அங்குல உடலுக்குப் போட்டவை. அவற்றை ஒளிநகல் கடையில் சுருக்கி எடுத்து வேலையைத் தொடங்குபவர்கள் உண்டு. வெளிக்கோடு சுருங்கினால் போதும், தடிமன் அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். சின்ன ஆர்ச்டாப் என்றாலே மூக்கடைத்த குரல் என்ற அவப்பெயர் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

பெரிய உடலின் அளவுகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் அவற்றைக் கண்மூடிப் பின்பற்றத் தோன்றாது. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் 1890களில் மாண்டலின், கிட்டார் பலகைகளை வயலின் போலச் செதுக்கத் தொடங்கினார். 1898இல் அவருடைய மாண்டலின் அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் பெயரில் வளர்ந்த நிறுவனத்தில் லாய்ட் லோர் பணியாற்றிய காலத்தில், 1922இல், எஃப் துளைகளோடு எல்-5 வந்தது. அதன் அகலம் 16 அங்குலம். 1930களின் நடுவில் அதே எல்-5 17 அங்குலமானது. 1934இல் வந்த சூப்பர் 400க்கு 18. நியூயார்க்கில் ஜான் டி’ஆஞ்சலிகோ எக்ஸெல்லை 17 அங்குலத்திலும் நியூயார்க்கரை 18 அங்குலத்திலும் செய்தார். பாஸ்டனில் ஸ்ட்ராம்பர்க் 19 வரை போனார். காரணம் எளிது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஒலிபெருக்கி இல்லாமல் தாளக் கிட்டார் கேட்க வேண்டும். கவுண்ட் பேசி குழுவில் 1937 முதல் வாசித்த ஃப்ரெடி கிரீனுக்கு வேண்டியிருந்தது அப்படிப்பட்ட கருவிதான். 1936இலேயே கிப்சனின் மின்கிட்டார் இஎஸ்-150 சந்தைக்கு வந்துவிட்டது. உரக்க ஒலிப்பதற்கான தேவை மெல்ல மறைந்தது. அந்தக் காலத்தில் எல்-30 போன்ற 14¾ அங்குலக் கருவிகள் விலை குறைந்த வரிசையில் இருந்தன. சிறியது மட்டம் என்ற எண்ணம் அப்போது ஒட்டிக்கொண்டது. ராபர்ட் பெனடெட்டோ போன்ற முதல்தர கைவினைஞர் பாம்பினோ என்ற பெயரில் 14½ அங்குல மாடலைச் செய்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை.

வீட்டு அறையிலும் மைக் முன்னாலும் விரல்களால் வாசிப்பவருக்கு 18 அங்குல உடல் வீண் சுமை. சின்ன உடல் மடியில் நன்றாக உட்காரும். ஒலி சட்டென்று எழும். அதற்கு மேற்பலகை ஒத்துழைக்க வேண்டும்.

கணக்கு

ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கேற்ப மாறும். 6 மி.மீ. பலகையை 5 மி.மீ. ஆக்கினால் தடிமன் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. விறைப்போ 42 விழுக்காடு போய்விடுகிறது. மறுபக்கம், ஓரங்களில் பிடிக்கப்பட்ட பலகையின் நடுவில் பாரம் வைத்தால் அது தணியும் அளவு அகலத்தின் இருமடிக்கேற்ப மாறும். 17 அங்குலத்திலிருந்து 14½க்கு வரும்போது அதே தடிமனும் அதே பாரமும் இருந்தால் தணிவு 27 விழுக்காடு குறையும். பெரிய கிட்டாரின் மேற்பலகை எவ்வளவு தணிகிறதோ அவ்வளவே இதுவும் தணிய வேண்டுமானால், தடிமனை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். பிரிட்ஜின் கீழே 6.3 மி.மீ. என்று வரைபடம் சொன்னால் நமக்கு 5.7 மி.மீ.

இது தட்டைப் பலகைக்கான கணக்கு. வளைவின் பலத்தைச் சேர்க்கவில்லை. அதனால் இதை ஆரம்ப எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 17 அங்குல உடலில் விளிம்பிலிருந்து உச்சிவரை 19 மி.மீ. எழும் வளைவைச் சின்ன உடலில் அப்படியே வைத்தால் அது செங்குத்தாகி இன்னும் விறைத்துக்கொள்ளும். நமக்கு 16 மி.மீ. போதும்.

ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் துணிந்து குறைக்கவும் முடியாது. உடல் சுருங்கினாலும் கம்பிகள் சுருங்குவதில்லை. அந்த 17 கிலோ அப்படியே இருக்கிறது. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையிலுள்ள குறுகிய இடத்தில்தான் நாம் வேலை செய்கிறோம்.

கட்டையில் கைவைக்கும் முன் ஒரு பெரிய தாளில் கிட்டாரின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். கம்பி நீளம் 635 மி.மீ., கழுத்து 14ஆம் ஃபிரெட்டில் உடலோடு சேர்கிறது என்றால், அந்த இடத்திலிருந்து பிரிட்ஜ் 283 மி.மீ. தூரத்தில் வரும். கழுத்தின் சாய்வு 4 டிகிரி. உடல் ஓரத்தில் ஃபிங்கர்போர்டின் மேற்பரப்பு பலகையின் விளிம்பிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் இருந்தால், அதே கோட்டை நீட்டும்போது பிரிட்ஜ் இடத்தில் 35 மி.மீ. ஆகும். ஃபிரெட் உயரத்தையும் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடைவெளியையும் சேர்த்தால் கம்பி 40 மி.மீ. உயரத்தில் ஓடும். அதில் வளைவு 16ஐக் கழித்தால் பிரிட்ஜின் உயரம் 24 மி.மீ. இந்தப் படத்தில் வளைவையோ சாய்வையோ மாற்றினால் என்ன ஆகும் என்று பென்சிலால் பார்ப்பதில் செலவில்லை.

மரம்

மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ். வட அமெரிக்க மேற்குக் கரையோரத்தின் சிட்கா, ராக்கி மலைகளின் எங்கல்மன், ஐரோப்பிய மலை ஸ்ப்ரூஸ் மூன்றும் பழகிய மரங்கள். சிட்கா விறைப்பும் எடையும் கூடியது. பெரிய உடலில் அது பலம். இந்த அளவுக்கு எங்கல்மனோ ஐரோப்பிய வகையோ லேசானதாகக் கிடைத்தால் அதையே எடுப்பேன். வகையைவிடக் கையிலிருக்கும் துண்டு முக்கியம். நீள அகலத்தை அளந்து, எடை போட்டு, அடர்த்தியைக் கணக்கிடுங்கள். ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டி வந்தால் நல்லது.

முனையில் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஓரத்தில் வேண்டாத சிறு துண்டை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு முகத்துக்கு இணையாகப் போனால் நார் நேராக இருக்கிறது. சாய்ந்து வெளியேறினால் அந்தக் கட்டையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சிறிய உடலில் ஒரு சலுகை உண்டு: ஒவ்வொரு பாதியும் 195 மி.மீ. அகலம் இருந்தால் போதும். 17 அங்குலத்துக்குப் போதாது என்று ஒதுக்கப்பட்ட நல்ல துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

அடிப்பலகைக்கு மேப்பிள். செதுக்கும் முறை மேற்பலகைக்கு உள்ளதேதான். கைவலி இரண்டு மடங்கு. நடுவில் 5 மி.மீ., ஓரப் பள்ளத்தில் 3 மி.மீ. என்று முடியுங்கள்; அதற்குமேல் அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்டு. அமெரிக்கப் பட்டறைகள் 45 முதல் 50 விழுக்காட்டில் வேலை செய்கின்றன. சென்னையிலோ கொழும்பிலோ சாதாரண அறையில் அது நடக்காது. ஈரம் நிறைந்த காற்றில் நார்களுக்குக் குறுக்காக விரிந்திருக்கும் ஸ்ப்ரூஸை அப்படியே ஒட்டி மூடினால், வறண்ட குளிர்சாதன அறைக்கோ வேறு நாட்டுக்கோ போகும்போது அது சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். ஏசியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ உள்ள ஒரு சிறு அறையில் கட்டைகளை வைத்து, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை மாறாமல் நின்ற பிறகு தொடங்குங்கள். ஒட்டும் வேலை எல்லாவற்றையும் அதே அறையில் செய்யுங்கள்.

நடு மூட்டும் வெளி வளைவும்

ஆப்பு வடிவில் அறுத்த இரு பாதிகளின் தடித்த ஓரங்களைச் சேர்த்து ஒட்டுவது நடு மூட்டு. நீண்ட இழைப்புளியால் இரு முகங்களையும் இழைத்து, ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. ஒட்டுவதற்குச் சூடான வச்சிரம் சிறந்தது. அது காய்ந்தபின் இளகி நழுவாது. மஞ்சள் மரப் பசையும் சரி. கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் வெள்ளைப் பசை தொடர்ந்து பாரம் தாங்கும் இடங்களுக்கு ஏற்றதல்ல.

உள்முகத்தைத் தட்டையாக இழைத்துவிட்டு, சட்டத்தை அதன்மேல் வைத்து வெளிக்கோடு போட்டு, 4 மி.மீ. கூடுதலாக விட்டு அறுத்தெடுங்கள். விளிம்பின் தடிமன் 6 மி.மீ. என்று சுற்றிலும் கோடு கிழித்து, ஓரத்தில் ஒரு படியைக் குடைந்துகொள்ளுங்கள். வளைவு 16, விளிம்பு 6, ஆக உள்முகத்திலிருந்து உச்சி 22 மி.மீ. உச்சி வர வேண்டிய இடம் பிரிட்ஜ் கோடு.

பிளைவுட்டில் ஆறு அச்சட்டைகள் வேண்டும்: நடுக்கோட்டின் நெடுக்கு வளைவுக்கு ஒன்று, குறுக்கு வளைவுகளுக்கு ஐந்து. முதலில் நெடுக்கு வளைவை மட்டும் முடியுங்கள். அது சரியாக வந்த பிறகுதான் குறுக்கே போக வேண்டும். முதுகெலும்பு தவறாக இருந்தால் விலாக்களைத் திருத்திப் பயனில்லை.

பெரும்பகுதி மரத்தை அகன்ற குழி உளியாலும் கொட்டாப்புளியாலும் எடுக்கலாம். நாருக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ வெட்டுங்கள். நாரோடு போகும்போது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போங்கள். எதிர்த்துப் போனால் உளி நாரைப் பிடித்துக் கிழிக்கும். புத்தகம்போல் விரித்து ஒட்டிய பாதிகள் என்பதால் இடது பக்கம் ஒத்துழைக்கும் திசை வலது பக்கம் ஒத்துழைக்காமல் போகலாம். ஒவ்வொரு பாதியிலும் முதல் சீவலைக் கவனித்து, அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கட்டைவிரல் அளவிலான பித்தளை இழைப்புளிகள். அவற்றின் அடி இரு திசையிலும் வளைந்திருக்கும். அலகும் அதற்கேற்ப வளைந்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, பலகையின் மட்டத்திலேயே ஒரு பக்கமாக ஒரு விளக்கை வையுங்கள். கையால் தடவித் தெரியாத மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நிழல்கள் ஒரே ஓட்டமாக வரும்வரை இழையுங்கள். உப்புத்தாளை இப்போது எடுக்க வேண்டாம். அது வளையங்களுக்கு இடையிலுள்ள மென்மரத்தை அதிகமாகத் தின்று, கெட்டிக் கோடுகளை மேடாக விட்டுவிடும். மழுங்கிய சுரண்டி அலகும் மென்மரத்தை அமுக்கிவிடுமே தவிர வெட்டாது.

விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே வளைவு கீழே இறங்கி, விளிம்பை நோக்கி மறுபடி லேசாக எழ வேண்டும். இதை ஓரப் பள்ளம் என்று சொல்வோம். ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் செய்கிற வேலையை இது செய்கிறது: நடுப்பகுதி விறைப்பாக இருந்துகொண்டே மொத்தமாக மேலும் கீழும் அசைய இடம் தருகிறது. ஆர்ச்டாப்பில் அழகுக்காக இருப்பது போலத் தோன்றி ஒலியை அதிகம் ஆளும் பகுதி இதுதான். இந்தக் கட்டத்தில் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழம் குறைவாகவே விட்டுவையுங்கள். கடைசியில் இங்கே திரும்பி வருவோம்.

உள்ளே குடைதல்

வெளி வளைவு முடிந்த பிறகுதான் உட்பக்கம். பலகையைக் கவிழ்த்து வைக்க, பிளைவுட்டில் உடல் வடிவில் துளை வெட்டி, ஓரத்தில் கம்பளி ஒட்டிய தாங்கி ஒன்று செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உச்சியில் மட்டும் நின்று பலகை ஆடும்.

தடிமனைக் கட்டுக்குள் வைக்க எளிய வழி இது. டிரில் நிறுத்தியின் மேடையில், அலகுக்கு நேர் கீழே, தலை உருண்டையான ஒரு கட்டைக் குச்சியை நிறுத்துங்கள். அலகு முழுதாக இறங்கும்போது அதன் நுனிக்கும் குச்சித் தலைக்கும் இடையே 7 மி.மீ. இடைவெளி இருக்குமாறு ஆழத் தடுப்பைப் பூட்டுங்கள். பலகையின் வெளிமுகம் குச்சியின்மேல் படும்படி வைத்து, உள்முகத்தில் ஓர் அங்குல இடைவெளியில் துளைகள் போட்டுக்கொண்டே போங்கள். எங்கே துளைத்தாலும் 7 மி.மீ. மரம் மிஞ்சும். துளைகளின் அடிப்புள்ளி மறையும்வரை குழி உளியால் குடைந்தால் சீரான தடிமன் கிடைத்துவிடும். துளையிடும்போது பலகை குச்சியைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தூக்கிப் பிடித்தால் அலகு மேற்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். சுற்றிலும் சட்டத்தோடும் உள்பட்டியோடும் ஒட்ட வேண்டிய 9 மி.மீ. பட்டையைத் தொடவே கூடாது.

இனிமேல் ஆழமான வாயுள்ள காலிப்பர் கையை விட்டு இறங்காது. பிரிட்ஜ் பகுதியில் 5.7, அங்கிருந்து விளிம்புக்குப் பாதி தூரத்தில் 4.7, ஓரப் பள்ளத்தில் 3.5 என்று முதலில் நிறுத்துங்கள். அளவுகளைப் பென்சிலால் பலகையிலேயே எழுதி, ஒரே எண் உள்ள புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால், எங்கே மரம் மிச்சம் என்று ஒரே பார்வையில் தெரியும். மாற்றம் படிப்படியாக அல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பலகையைத் தட்டிக் கேட்பது பற்றி நிறையக் கதைகள் உண்டு. இன்ன சுரம் வந்தால் நிறுத்து என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தனியே தொங்கும் பலகையின் சுரம் வேறு. சட்டத்தில் ஒட்டி, பிரிட்ஜின் பாரத்தை ஏற்றிய பலகையின் சுரம் வேறு. ஆனால் தட்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேல் ஓரத்தில் இரு விரலால் பிடித்து நடுவில் தட்டும்போது, குடையக் குடைய, ‘டொக்’ என்று செத்த ஒலி போய் நீண்டு ஒலிக்கத் தொடங்கும். அந்த மாற்றம் வந்த பிறகு சீவல்களை மெல்லியதாக்கி, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். எடையையும் பாருங்கள். இந்த வடிவின் பரப்பு, சராசரித் தடிமன், 400 கிலோ அடர்த்தி மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் முடிந்த பலகை 220 கிராமை ஒட்டி வர வேண்டும். 300 கிராம் காட்டினால் எங்கோ மரம் ஒளிந்திருக்கிறது; பெரும்பாலும் இடுப்புப் பகுதியிலும் கழுத்துக்கட்டையின் இரு பக்கங்களிலும்.

எஃப் துளைகளும் தாங்குசட்டங்களும்

பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சுரம் உண்டு. துளை பெரிதானால் அது ஏறும். காற்றின் அளவு கூடினால் இறங்கும். பக்கச் சட்டத்தின் ஆழத்தை மாற்றாமல் 17இலிருந்து 14½க்கு வந்தாலே காற்றின் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அதோடு பெரிய கிட்டாரின் எஃப் துளைகளையும் வைத்தால் காற்றின் சுரம் மேலும் ஏறி, கீழ்க்கம்பிகள் மெலியும். துளைகளின் மொத்தப் பரப்பையும் கால் பங்கு குறையுங்கள். நீளத்தைச் சற்றும் அகலத்தைச் சற்றும் குறைத்தால் வடிவம் கெடாது. எஃப் துளையே வேண்டாம், நடுவில் நீள்வட்டத் துளை போதும் என்பவர்களுக்குப் பழைய கிப்சன் எல்-4 முன்னுதாரணம். அது வேறு குரல், இன்னும் மென்மையானது.

துளைகளின் நடு வெட்டுக்குறிகள் இரண்டும் பிரிட்ஜ் கோட்டில் வரட்டும். நுண்ரம்பத்தால் கோட்டுக்கு உள்ளே அறுத்து, கூர்மையான கத்தியால் கோடுவரை சீவுங்கள். நாருக்கு இணையாக வரும் முனைகளில் கத்தி வழுக்கினால் பலகை நெடுக வெடிக்கும். அந்த இடத்தில் மெல்லிய அரம் பாதுகாப்பானது.

அடியில் வரும் தாங்குசட்டங்களுக்கு இரண்டு வழிகள். ஏறக்குறைய இணையாக ஓடும் இரு சட்டங்கள் லோர் காலத்து எல்-5இல் இருந்தவை: ஒலி முன்னால் பாயும், தாள வாசிப்புக்கு ஏற்றது. எக்ஸ் வடிவில் குறுக்கிடும் சட்டங்கள் ஒலியைக் கொஞ்சம் இளக்கி, நிறைவாக்கும். சின்ன உடலில் மேல் சுரங்கள் தாமாகவே துள்ளி வரும் என்பதால், விரலால் வாசிப்பவருக்கு எக்ஸ் வடிவத்தையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் பிரிட்ஜின் கால்கள் சட்டங்களின்மேல் நிற்க வேண்டும். சட்டத்தின் அகலம் 7 மி.மீ., பிரிட்ஜுக்குக் கீழே உயரம் 13 மி.மீ., முனைகளில் 3 மி.மீ.

சட்டத்தின் அடியை வளைவுக்குப் பொருத்துவதற்குச் சுண்ணக்கட்டி போதும். பலகையின் உட்புறம் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, சட்டத்தை அதன் இடத்தில் வைத்து மயிரிழை அசைத்து எடுங்கள். வெள்ளை ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சீவுங்கள். மறுபடி வையுங்கள். முதலில் இரண்டு மூன்று புள்ளிகளில் ஒட்டும் வெள்ளை, நெடுகிலும் ஒட்டும்வரை இது நீளும். பொறுமை குறைந்தவர்கள் கிளாம்பை இறுக்கி இடைவெளியை மூடிவிடுவார்கள். அப்படி ஒட்டிய சட்டம் பலகையை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். விரல் அழுத்தத்திலேயே இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கிளாம்ப் பசையைப் பிழிய மட்டும். ஒட்டும் முன் சுண்ணத்தைத் துடைத்துவிடுங்கள்.

கம்பி மாட்டிய பின் செதுக்குதல்

பலகையைச் சட்டத்தில் ஒட்டி, ஓரத்தைச் சட்டத்தோடு சமமாக்குங்கள். கழுத்தைப் பொருத்துவது அடுத்த அத்தியாயம். அதை முடித்துவிட்டு, பாலிஷ் எதுவும் பூசாத நிலையில், இந்தப் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

பிரிட்ஜுக்குக் கருங்காலி நல்லது. கால்களைப் பலகையின் வளைவுக்குப் பொருத்த, பலகைமேல் உப்புத்தாளை முகம் மேலாக விரித்து, பிரிட்ஜை அதன் இடத்தில் கம்பி ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். கடைசித் திருத்தம் கார்பன் தாளும் கூரான அலகும் கொண்டு. கால்களுக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய தாள்கூட நுழையக் கூடாது. திருகு வைத்து உயரம் மாற்றும் பிரிட்ஜ் 1920களின் தொடக்கத்திலேயே கிப்சனில் வந்துவிட்டது. முதல் கிட்டாருக்கு அதுவே வசதி. டெயில்பீஸ் லேசாக இருக்கட்டும். கருங்காலியில் செய்தாலும் சரி, மெல்லிய உலோகத்தில் வாங்கினாலும் சரி, கம்பி மடங்கும் கோணம் 14 டிகிரியைத் தாண்டாமல் அதன் உயரத்தை அமையுங்கள். கோணம் கூடக் கூட ஒலியும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். சின்னப் பலகையில் ஓர் எல்லைக்கு மேல் அது ஒலியை நெரிக்கிறது.

முதல் நாள் இரண்டு சுரம் இறக்கியே கட்டுங்கள். மறுநாள் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். கம்பி ஏற்றும் முன்பும் ஏற்றிய பின்பும் பிரிட்ஜ் இடத்தில் வளைவின் உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தணிவது இயல்பு. அது தொடர்ந்து தணிந்துகொண்டே போனாலோ, எஃப் துளையின் உள்ளோரம் வெளியோரத்தைவிடத் தாழ்ந்தாலோ கம்பியைத் தளர்த்திவிட்டு, கண்ணாடி வழியே உள்ளே பார்த்துச் சட்டங்களின் ஒட்டு விட்டிருக்கிறதா என்று சோதியுங்கள்.

சில நாள் வாசித்த பிறகு குரல் இன்னும் இறுக்கமாக இருந்தால் திருத்த வேண்டிய இடம் ஓரப் பள்ளம். 3.5இல் நிறுத்தியிருந்தோம். அகன்ற பகுதியில், பிரிட்ஜின் இரு பக்கங்களிலும் டெயில்பீஸ் பக்கமும், சுரண்டி அலகால் வெளிப்புறமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கம்பியை ஏற்றி வாசித்துக் கேட்க வேண்டும். இரு முகத்தையும் எட்ட முடியாது என்பதால் தடிமனை அளக்கக் காந்த மானி தேவைப்படும். தாழ்ந்த கம்பிகள் முதலில் திறக்கும். பிறகு முழு ஒலியும் கொஞ்சம் தளர்ந்து வரும். 3 மி.மீ. வந்ததும், மனம் இன்னும் கேட்டாலும், அலகைக் கீழே வையுங்கள். கழுத்துப் பக்கத்துப் பள்ளத்தைத் தொட வேண்டாம்; அங்கே பலகை கழுத்தின் இழுப்பையும் தாங்குகிறது.

இரண்டு வாரம் சுருதியிலேயே நிற்கவிட்டு, வளைவின் உயரத்தை மறுபடி அளந்து, முன்பு எழுதியதோடு ஒப்பிடுங்கள். எண் மாறவில்லை என்றால் பிரிட்ஜ் கால்களின் இடத்தைப் பென்சிலால் மெல்லக் குறித்துவிட்டு கம்பிகளைக் கழற்றலாம். அரக்கு பாலிஷை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூசும் முறை 11ஆம் அத்தியாயத்தில்.